பருப்புக்கும் உண்டு லைசென்சு!

'பருப்பில்லாமல் கல்யாணமா?' என்று கேட்பது தமிழ்நாட்டு வழக்கம். கல்யாணம் இருக்கட்டும், காலைப் பலகாரத்துக்கே பருப்பில்லாமல் நம் வீட்டு அடுப்பு எரிவதில்லை. இட்டிலிக்கு உளுந்து, சாம்பாருக்குத் துவரை, பொங்கலுக்குப் பாசிப்பயறு! மாடி வீட்டுக்காரரும் மண் குடிசைக்காரரும் ஒன்றுபோல் உண்ணும் பண்டம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மீனும் இறைச்சியும் எட்டாத ஏழையின் பிள்ளைக்கு உடலில் சதை பிடிக்கச் செய்வதும் இதுதான்.

அந்தப் பருப்பு எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? மளிகைக் கடையிலிருந்து வருகிறது என்று குழந்தை சொல்லும். பெரியவர்களாகிய நாமும் அதற்கு மேல் சிந்திப்பதில்லை. உலகத்திலேயே பருப்பு வகைகளை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. மிகுதியாக உண்ணும் நாடும் இந்தியா. இவ்வளவு விளைவித்தும் போதாமல் மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடும் இந்தியாவேதான்! 2024-25ஆம் ஆண்டில் மட்டும் 70 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பருப்பு வகைகள் வெளிநாடுகளிலிருந்து வந்து இறங்கின. நம் ஆட்டுக்கல்லில் அரைபட்ட உளுந்தில் ஒரு பகுதி பர்மா மண்ணில் விளைந்தது. நம் சாம்பாரில் வெந்த துவரையில் ஒரு பகுதி மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் மலாவியிலும் விளைந்து, கடல் கடந்து வந்தது.

கப்பலில் வந்து இறங்கினால் போதுமா? போதாது. அது துறைமுகத்தின் வாசலைத் தாண்ட வேண்டுமானால் சர்க்காரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்குப் பெயர்தான் லைசென்சு. அதைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம். 'இது வியாபாரிகள் விவகாரம், நமக்கென்ன?' என்று வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். யாருக்கு லைசென்சு, எவ்வளவுக்கு லைசென்சு, எப்போது லைசென்சு என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் வீட்டுச் சாம்பார் கெட்டியாக இருப்பதும் தண்ணீராக ஓடுவதும்!

இரண்டு வாசல்கள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். லைசென்சு என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், வெளிநாட்டு உணவுப் பண்டம் தாண்ட வேண்டிய வாசல்கள் இரண்டு. இரண்டும் ஒன்றல்ல. ஒன்று வயிற்றைக் காக்க ஏற்பட்ட வாசல். மற்றொன்று வியாபாரத்தைப் பங்கிட ஏற்பட்ட வாசல். முன்னதை நாம் ஆதரிக்கிறோம். இன்னும் உறுதியாக நிறுத்த வேண்டும் என்கிறோம். பின்னதை ஐயத்தோடு பார்க்கிறோம். இரண்டையும் குழப்பி, 'லைசென்சே வேண்டாம்' என்று கூச்சலிடும் பெருவணிகருக்கும் நாம் துணை போக மாட்டோம். 'லைசென்சு என்றால் கேள்வி கேட்கக்கூடாது' என்னும் டில்லி அதிகாரிகளுக்கும் தலையாட்ட மாட்டோம்.

வயிற்றைக் காக்கும் வாசல் எப்படிப்பட்டது? 2006ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2008இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஏற்பட்டது. வெளிநாட்டிலிருந்து உணவுப் பண்டம் தருவிக்க விரும்பும் ஒருவர், சிறியவரானாலும் பெரியவரானாலும், இந்த ஆணையத்தின் மத்திய லைசென்சைப் பெற்றாக வேண்டும். அதற்கு முன்பே, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்திடமிருந்து இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெற்றிருக்க வேண்டும். சரக்கு வந்ததும் சுங்க இலாகாவில் கணினி வழியே மனு, ஆணையத்தின் அதிகாரி காகிதங்களைப் பார்ப்பார், மூட்டையைப் பார்ப்பார், மாதிரி எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார், ஐந்து நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும் என்பது விதி. தேறினால் தடையில்லாச் சான்று. தேறாவிட்டால் சரக்கு உள்ளே வர முடியாது. போதாக்குறைக்கு, தானியத்தோடு பூச்சியும் நோயும் நுழையாதிருக்கப் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகளின் சோதனை வேறு.

இவ்வளவும் வேண்டுமா என்று கேட்போருக்கு நம் பதில்: வேண்டும், கட்டாயம் வேண்டும்!

2008ஆம் ஆண்டில் சீனாவில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. பாலில் புரதம் மிகுந்திருப்பதாகக் காட்டுவதற்காக மெலமைன் என்னும் இரசாயனத்தைக் கலந்தார்கள், இலாப வெறியர்கள். அந்தப் பால்பொடியைக் குடித்த குழந்தைகளில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நோயுற்றார்கள். ஆறு பச்சிளங் குழந்தைகள் மாண்டன. அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியா சீனப் பால் பண்டங்களின் இறக்குமதியைத் தடை செய்தது. தடை செய்ய ஒரு வாசலும் அதற்கொரு காவலும் இருந்ததால்தானே முடிந்தது?

பருப்பிலேயே உதாரணம் உண்டு. துவரையைப் போலவே தோற்றமளிக்கும் கேசரிப் பருப்பைத் துவரையோடு கலந்து விற்பது பழைய மோசடி. அதைத் தொடர்ந்து உண்டவர்களுக்குக் கால் முடங்கிப் போகும். 1961இல் பெரும்பாலான மாநிலங்களில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. இக்காலத்துக்கேற்ற புதுக் கேடும் உண்டு. களைக்கொல்லி மருந்தின் எச்சம் தங்கிய பருப்பு வருகிறதென்று புகார் எழுந்தபோது, 2018 அக்டோபரில் இறக்குமதிப் பருப்பில் கிளைஃபோசேட் மருந்தின் அளவைச் சோதிக்க ஆணையம் உத்தரவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சைத் தாயின் கையோ கடைக்காரரின் கண்ணோ கண்டுபிடிக்க இயலாது. சோதனைச் சாலைதான் கண்டுபிடிக்க வேண்டும். எனவே, இந்த வாசலில் நிற்கும் காவலரை நாம் வணங்குகிறோம்; தூங்காதிருக்குமாறு வேண்டுகிறோம்.

பாடுபடும் சிறு வியாபாரி

ஆனால் காவல் என்பது ஒன்று, கெடுபிடி என்பது வேறொன்று. விருதுநகரில் ஒரு சிறு பருப்பு மில் நடத்தும் அண்ணாச்சி ஒருவரை வைத்துக் கொள்வோம். பரம்பரை வியாபாரம். பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் எவ்வளவு, உமி எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ரங்கூனிலிருந்து நான்கு கண்டெய்னர் உளுந்து தருவிக்க எண்ணுகிறார். ஒரு கண்டெய்னருக்குச் சுமார் 24 டன் என்றால், நூறு டன்னுக்குச் சற்றுக் குறைவு. பெரிய கம்பெனிக்கு இது கொசுறு. இவருக்கோ வீடும் நிலமும் பாங்கியில் அடகு!

அவர் ஆடிட்டரிடம் போகிறார். "அண்ணாச்சி, குறியீட்டு எண் எடுத்துவிட்டீர்களா?" என்கிறார் ஆடிட்டர். எடுத்தாயிற்று. "இந்த வருஷம் புதுப்பித்தீர்களா?" 2021 முதல், விவரத்தில் மாறுதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் கணினியில் உறுதி செய்தாக வேண்டும், தவறினால் எண் செயலற்றுவிடும். அது அண்ணாச்சிக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது தெரிகிறது! எண்ணை உயிர்ப்பித்து வருவதற்குள் நாள் ஓடுகிறது. ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறுகிறது. சோதனை அறிக்கை ஐந்து நாளில் வர வேண்டியது தாமதமானால், அதற்கும் அவர்தான் கட்ட வேண்டும்.

பெரிய கம்பெனிக்கு இதற்கென்றே ஒரு ஆபீசு உண்டு. ஆங்கிலம் படித்த பத்துப் பேர் உண்டு. டில்லியில் தங்க விடுதி உண்டு, பார்க்க ஆள் உண்டு. அண்ணாச்சிக்கு யார் உண்டு? விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பார்கள். ஆம், ஒன்றுதான். யானைக்கும் பூனைக்கும் ஒரே உயரத்தில் தொட்டி கட்டிவிட்டு, 'தண்ணீர் பொது' என்று சொல்வதைப் போல! ஆண்டுக்கு 7,500 ரூபாய் என்று மத்திய லைசென்சுக்கு வைக்கப்பட்ட கட்டணம் பெரிதல்ல. அதைச் சுற்றியுள்ள அலைச்சலும் அறியாமையும் தாமதமுமே அவரை வாட்டுகின்றன. சிறு வியாபாரி ஒதுங்கினால் களம் பெரியவருக்குத்தானே? களம் பெரியவர் கைக்குப் போனால் விலை யார் கைக்குப் போகும்?

பழைய பேய்

இனி இரண்டாவது வாசல். இதன் கதை நீண்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், வெள்ளைக்கார சர்க்கார் இறக்குமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தது. போர் முடிந்தது, வெள்ளையனும் போனான், கட்டுப்பாடு போகவில்லை. 1947ஆம் ஆண்டு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைச் சுதந்திர நாட்டின் சொத்தாக்கிற்று. அன்று அன்னியச் செலாவணிப் பஞ்சம் இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் நடந்தது என்ன? பழைய இறக்குமதியாளர், நேரடி உபயோகிப்பாளர், புதியவர் என்று வியாபாரிகளிலேயே மூன்று சாதி வகுத்தார்கள். முன்பு எவ்வளவு தருவித்தாரோ அந்தக் கணக்குப்படி பழையவருக்குக் கோட்டா. அதாவது, ஏற்கெனவே இருப்பவனுக்கே மேலும் கொடு என்பது நீதி! லைசென்சு வாங்கியவர் சரக்கைத் தருவிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அந்தக் காகிதத்தையே கைமாற்றி இலாபம் பார்த்தவர்கள் உண்டு.

1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி இதைத்தான் 'பெர்மிட்-லைசென்சு-கோட்டா ராஜ்யம்' என்று சாடினார். அவர் சொன்ன மருந்தை நாம் ஏற்பதில்லை; எல்லாவற்றையும் முதலாளிகளின் கருணைக்கு விட்டுவிடும் கொள்கை நமதன்று. ஆனால் நோயை அவர் சரியாகத்தான் சொன்னார் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

1974இல் பாண்டிச்சேரி லைசென்சு விவகாரம் நாடாளுமன்றத்தையே குலுக்கிற்று. பாண்டிச்சேரிப் பகுதி வணிகர் சிலருக்கு இறக்குமதி லைசென்சு வழங்கக் கோரும் மனுவில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையொப்பங்கள் போலியாக இடப்பட்டிருந்தன என்பது வெளிப்பட்டது. ஒரு காகிதத்துக்காகக் கள்ளக் கையெழுத்துப் போடும் துணிவு எங்கிருந்து வந்தது? அந்தக் காகிதம் அவ்வளவு பணம் பெற்றது என்பதால்தானே! அதே ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரையில், ஆன் குரூகர் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 1964ஆம் ஆண்டில் இந்தியாவில் லைசென்சு முதலிய கட்டுப்பாடுகளில் ஒட்டிக் கிடந்த ஆதாயம் தேசிய வருமானத்தில் 7.3 சதவிகிதம் என்று மதிப்பிட்டார். உழைத்துச் சம்பாதித்ததன்று, விளைத்துச் சம்பாதித்ததுமன்று. காகிதம் கையில் இருந்ததால் வந்த ஆதாயம்!

1991க்குப் பிறகு காற்று மாறிற்று. பழைய சட்டம் போய், 1992இல் வெளிநாட்டு வர்த்தகச் சட்டம் வந்தது. 2001 ஏப்ரல் 1ஆம் தேதியோடு, உலக வர்த்தக அமைப்பில் தோற்றதன் விளைவாக, எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் பெரும்பாலும் நீங்கின. பேய் ஓடிவிட்டது என்று பலரும் எண்ணினார்கள். ஓடவில்லை, புளியமரத்தில் ஒளிந்திருந்தது. 2017இல் பருப்புக் கடைக்கு இறங்கி வந்தது.

பல ஆண்டு நாடகம்

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். இரண்டு ஆண்டு வறட்சிக்குப் பின், 2015 அக்டோபரில் துவரம் பருப்பு பல ஊர்களில் கிலோ 200 ரூபாயை எட்டிற்று. நாடு அலறிற்று. டில்லி சர்க்கார் விவசாயியைப் பார்த்து 'பருப்பு போடு, பருப்பு போடு' என்றது. ஆதரவு விலையைக் கூட்டிற்று. மொசாம்பிக் நாட்டோடு 2016இல் ஒப்பந்தம் செய்து துவரைக்கு ஏற்பாடு செய்தது. விவசாயி நம்பினான், போட்டான். முந்தின ஆண்டு ஏறத்தாழ 25 லட்சம் டன்னாக இருந்த துவரை விளைச்சல், 2016-17இல் 48 லட்சம் டன்னைத் தாண்டிற்று. அதே ஆண்டில், வெளிநாட்டுப் பருப்பு வகைகள் மொத்தம் 66 லட்சம் டன் வந்து குவிந்தன!

வீட்டிலும் வெள்ளம், வெளியிலும் வெள்ளம். விலை சரிந்தது. குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று சர்க்கார் குறித்த ஆதரவு விலை காகிதத்தில் இருந்தது; கலபுரகியிலும் லாத்தூரிலும் சந்தை விலை அதற்கு வெகு கீழே கிடந்தது. 2017 மார்ச்சுக் கடைசியில் துவரைக்கு 10 சதவிகித இறக்குமதி வரி. ஆகஸ்டு 5ஆம் தேதி, துவரை ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் வரக்கூடாது என்று உத்தரவு. ஆகஸ்டு 21ஆம் தேதி, உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இன்னொரு உத்தரவு. அறுவடை முடிந்து, விவசாயி அடிமாட்டு விலைக்கு விற்று, கடனும் பட்ட பிறகு வந்த காவல் இது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

பிறகு, பருப்பு உடைக்கும் மில்காரர்கள்தான் தருவிக்கலாம் என்று மாற்றினார்கள். மில்லின் சக்தி எவ்வளவு என்று காட்டி மனுப்போட வேண்டும். டில்லி பங்கிட்டுக் கொடுக்கும். குறித்த கெடுவுக்குள் சரக்கு வந்தாக வேண்டும். 2019இல் விலை ஏறத் தொடங்கவே, துவரைக்கு 2 லட்சம் டன்னாக இருந்த கோட்டா அவ்வாண்டு ஜூனில் 4 லட்சம் டன் ஆயிற்று. 2021 மே 15ஆம் தேதி துவரை, உளுந்து, பாசிப்பயறு மூன்றுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். 2022 பிப்ரவரியில் பாசிப்பயறுக்கு மட்டும் மறுபடி அடைத்தார்கள். திறந்த கதவுக்கும் ஒரு கெடு. கெடு நெருங்கும்போது மேலும் ஓராண்டு நீட்டிப்பு. இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு! விதைக்கும் விவசாயிக்கும் தெரியாது, வாங்கும் வியாபாரிக்கும் தெரியாது, அடுத்த மாதம் கதவு எந்தப் பக்கம் ஆடும் என்று!

இதற்கிடையே வழக்குகள். பட்டாணி முதலியவற்றுக்கு வைத்த கட்டுப்பாட்டை எதிர்த்து ஹைகோர்ட்டுகளில் இடைக்கால உத்தரவு வாங்கி, கோட்டாவுக்கு மேல் சரக்கை இறக்கினார்கள் சில வியாபாரிகள். 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு கட்டுப்பாடு செல்லும் என்றது. 2021 ஜூனில், கோட்டாவுக்கு மேல் வந்த சரக்கைத் திருப்பித் தராமல் பறிமுதல் செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. விவசாயியின் நலனை எடுத்துச் சொன்ன அந்தத் தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. கட்டுப்பாடு வைக்கும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு என்பதிலும் நமக்கு ஐயமில்லை. அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் நம் கேள்வி.

வித்தியாசம் யார் பையில்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். துறைமுகத்தில் கிலோ 60 ரூபாய்க்கு வந்து இறங்கும் துவரை, இறக்குமதி குறைவாக இருப்பதால் உள்நாட்டுச் சந்தையில் 80 ரூபாய்க்கு விற்கிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். வித்தியாசம் 20 ரூபாய். நூறு டன்னுக்குக் கோட்டா பெற்றவருக்கு, பருப்பைத் தொடாமலேயே 20 லட்சம் ரூபாய் ஆதாயம். உண்பவன் 80 ரூபாய் கொடுத்துவிட்டான். ஆனால் அந்த 20 ரூபாய் விளைத்தவனுக்குப் போகவில்லை. நாட்டுக் கஜானாவுக்கும் போகவில்லை. கோட்டா யார் கையில் இருந்ததோ அவர் பைக்குள் போயிற்று.

கோட்டாவுக்குப் பதில் வரி போட்டிருந்தால்? யார் வேண்டுமானாலும் தருவிக்கலாம். அதே 20 ரூபாய் வரியாகக் கஜானாவுக்கு வரும். அந்தப் பணத்தைக் கொண்டு ஆதரவு விலையில் நம் விவசாயியின் பருப்பைக் கொள்முதல் செய்யலாம். விவசாயிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றுதான். ஆனால் ஆதாயம் போகும் இடம் வேறு! அதோடு, வரி என்றால் டில்லியில் போய் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. விருதுநகர் அண்ணாச்சிக்கும் பம்பாய்ப் பெருமுதலாளிக்கும் ஒரே விகிதம். கோட்டா என்றால் பார்க்க வேண்டியவரைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பாவது மனிதனுக்கு வரும். அந்த நினைப்பு வருவதே ஜனநாயகத்துக்குக் கேடு.

'வரி போட்டாலும் உலகச் சந்தையில் விலை அடியோடு சரிந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட ஆண்டில், விவசாயியைக் காக்க அளவுக் கட்டுப்பாடு வேண்டியிருந்தால் வைக்கட்டும். 'எல்லாக் கதவையும் திறந்துவிடு' என்று நாம் சொல்லவில்லை. கலபுரகி விவசாயி அழுதால்தான் சென்னைவாசி சிரிக்க முடியும் என்றால், அந்தச் சிரிப்பு நமக்கு வேண்டாம். ஆனால் விதிவிலக்காக வைக்க வேண்டியதை வழக்கமாக்காதீர்கள் என்கிறோம்.

மாநிலத்துக்கு வாயில்லையா?

இன்னொன்று. இந்த நாடகத்தில் மாநிலங்களுக்கு என்ன வேடம்? விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பயிர் பொய்த்தால் விவசாயி மாநில மந்திரியின் வீட்டு வாசலில்தான் நிற்கிறான். 2007 முதல் தமிழ்நாட்டில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் ரேஷன் கடையில் துவரம் பருப்பையும் பாமாயிலையும் சலுகை விலைக்கு வழங்கும் ஏற்பாடு வந்தது. சந்தையில் விலை எவ்வளவு ஏறினாலும், ஏறிய பாரத்தை மாநிலத்தின் கஜானா சுமக்கிறது. ரேஷன் கடையில் பருப்பு ஒரு வாரம் தாமதமானால் தாய்மார்கள் கேட்பது மாநில ஆட்சியைத்தான்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து பருப்பு வரலாமா, எவ்வளவு வரலாம், யார் தருவிக்கலாம் என்று தீர்மானிப்பது யார்? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலில் 41ஆவது இனமாக வெளிநாட்டு வர்த்தகமும் இறக்குமதி ஏற்றுமதியும் வைக்கப்பட்டிருக்கின்றன. தீர்மானிப்பது டில்லி, பாரம் சுமப்பது மாநிலம்! 2021இல் பர்மாவோடு உளுந்துக்கும் துவரைக்கும் ஒப்பந்தம் செய்தபோது, சரக்கு வரும் துறைமுகங்களில் சென்னையையும் தூத்துக்குடியையும் குறித்தார்கள். சரக்கு இறங்கத் தமிழகத்தின் கரை வேண்டும். பேசி முடிவெடுக்கத் தமிழகத்தின் வாய் வேண்டாமா? அரசியல் சட்டத்தை நாளையே திருத்துங்கள் என்றுகூட இங்கே நாம் கேட்கவில்லை. கோட்டாவையும் வரியையும் தீர்மானிக்கும் முன், பருப்பு விளைக்கும் மாநிலங்களையும் பருப்பு உண்ணும் மாநிலங்களையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறோம்.

மொழியையும் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி, உணவுப் பொட்டலத்தில் சட்டம் கேட்கும் விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்க வேண்டும். வேறு மொழி சேர்த்துக் கொள்ளலாம், தடையில்லை. சேர்க்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை! வெளிநாட்டிலிருந்து வந்த குழந்தை உணவுப் பெட்டியை மதுரையில் ஒரு தாய் கையில் எடுக்கிறாள். எப்போது கெடும், என்ன கலந்திருக்கிறது, யார் தருவித்தார் என்பதை அவள் படித்தாக வேண்டும். ஆங்கிலமும் இந்தியும் தெரியாத குற்றத்துக்காக அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தைக்கு ஊட்ட வேண்டுமா? இறக்குமதியாளரின் பெயர், விலாசம், லைசென்சு எண் ஆகியவற்றைத் துறைமுகக் கிடங்கிலேயே சீட்டாக ஒட்ட விதி இடம் கொடுக்கிறது. அந்தச் சீட்டில் நான்கு வரி தமிழும் இருந்தால் யார் குடி முழுகிவிடும்?

நாம் கேட்பது

நம் கோரிக்கைகளைத் தொகுத்துச் சொல்கிறோம்.

ஒன்று: துவரையும் உளுந்தும் மண்ணில் விழும் முன், மே மாதத்துக்குள், அந்த ஆண்டின் இறக்குமதிக் கொள்கையை அறிவித்துவிட வேண்டும். அறுவடை வரை அதை மாற்றக்கூடாது. மாற்றியே தீர வேண்டிய ஆபத்து வந்தால் காரணத்தை நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டு மாற்றட்டும்.

இரண்டு: கோட்டாவை விட்டு வரியைக் கைக்கொள்ள வேண்டும். வரும் பணம் விவசாயியின் கொள்முதலுக்கே போக வேண்டும். கோட்டா தவிர்க்க முடியாத ஆண்டில், யாருக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு, எவ்வளவு வந்து இறங்கிற்று, மில்லை விட்டு என்ன விலைக்குப் போயிற்று என்பதும் பொதுமக்கள் கண்ணில் பட வேண்டும்.

மூன்று: உணவுச் சோதனையில் ஓர் அணுவும் தளர்த்தக் கூடாது. அதற்கேற்ப சென்னையிலும் தூத்துக்குடியிலும் சோதனைச் சாலைகளையும் ஆட்களையும் பெருக்க வேண்டும். விதித்த நாளுக்குள் அறிக்கை வராவிட்டால், அந்தத் தாமதத்துக்கான டெமரேஜை வியாபாரியின் தலையில் கட்டக் கூடாது.

நான்கு: லைசென்சு மனு, விதி, நினைவூட்டல் அனைத்தும் தமிழில் கிடைக்க வேண்டும். உணவுப் பொட்டலத்தின் முக்கிய விவரங்கள் விற்கும் மாநிலத்தின் மொழியில் கட்டாயமாக இருக்க வேண்டும்.

ஐந்து: இறக்குமதிக் கொள்கையைத் தீர்மானிக்கும் இடத்தில் மாநிலங்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும்.

இவற்றில் எது நடக்காத காரியம்? எது நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்து? எதற்குக் கோடி கோடியாகப் பணம் வேண்டும்? மனம் ஒன்றுதான் வேண்டும்.

நஞ்சு வராமல் தடுக்கும் லைசென்சு மக்களின் லைசென்சு, அது நிலைக்கட்டும். சிலருக்கு மட்டும் ஆதாயம் அளக்கும் லைசென்சு பழைய ராஜ்யத்தின் மிச்சம், அது ஒழியட்டும். விதைப்பவன் நிலத்தில் நிற்கும்போதும், உண்பவள் அடுப்படியில் நிற்கும்போதும், டில்லி இன்று என்ன உத்தரவு போடுமோ என்று நடுங்கும் நிலை இனி வேண்டாம். பருப்பு ஏழையின் உணவு. அதன்மேல் சூதாட வேண்டாம் என்று டில்லி சர்க்காருக்குச் சொல்கிறோம்.